பழுதென்று ஒரு துண்டு

"பழுது எண்டு ஒரு துண்டில எழுதித் தாங்கோ அண்ணை. அது காணும்."

அருள்நேசன் மீற்றர் வயர்களைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். மேசையில் இருந்த கார் பற்றறியை நேற்று மத்தியானம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவன்தான். பெயர் நிரூபன் என்று சொல்லியிருந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். நல்ல விலையான கோட்டு, ஆனால் பொத்தான்களை மாறிப் பூட்டியிருந்தான். தாடி மழித்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

"நான் இன்னும் பாக்கவே இல்லையே தம்பி. நேற்றிலயிருந்து மெல்லச் சார்ஜ் ஏத்தி இப்பதான் கழட்டினனான். கொஞ்சம் பொறும்."

அப்டன் பார்க்கில் அவருடைய கராஜ் ஒரு கார் நுழைகிற அகலம்தான். காலையிலிருந்து ஆறு வண்டிகளுக்குக் கீழே படுத்து எழும்பியிருந்தார். முதுகு வலித்தது. சீக்கிரம் முடித்து இவனை அனுப்பிவிடலாம் என்று வயர்களை வைத்தார்.

மீற்றர் பன்னிரண்டு தசம் ஆறு வோல்ட் காட்டியது.

பிறகு பாரம் கொடுத்துப் பார்க்கும் கருவியைப் பூட்டிப் பத்து விநாடி விட்டார். நல்ல பற்றறி என்றால் முள் சற்று இறங்கி நிற்கும். கெட்டது என்றால் அப்படியே படுத்துவிடும். நிரூபன் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி அந்த முள்ளையே பார்த்தான். விழு, விழு என்று அதைக் கெஞ்சுகிறவன் போல இருந்தது.

முள் பத்தரையில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

"நல்ல பற்றறி. ஒரு மாசம் இறங்கிப்போய் சும்மா கிடந்தது எண்டு சொன்னீர். அதுக்குப் பிறகும் இப்பிடி நிக்குது எண்டால் இன்னும் ரெண்டு வருசம் ஓடும்."

"இன்னொருக்காப் பாருங்கோ."

பார்த்தார். மறுபடியும் பத்தரை.

"எங்கயிருந்து வாறீர்?"

"குரோய்டன்."

"அங்க கராஜ் இல்லையோ?"

"மூண்டு இடத்தில காட்டினனான். எல்லாரும் நல்லது எண்டுதான் சொன்னவை."

அருள்நேசனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நாலாவதா ஒரு பொய்யனைத் தேடி ட்ரெயின் ஏறி வந்திருக்கிறீர்."

நிரூபன் சிரிக்கவில்லை.

"தம்பி, நான் இதெல்லாம் நிறையக் கண்டனான். வாரண்டி முடியப் போகுது எண்டால் சனம் லைட்டை எரிய விட்டுப் பற்றறியை இறக்கும். பிறகு பழுது எண்டு கொண்டுபோய்ப் புதுசு கேக்கும்."

லைட் என்றதும் அவன் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான். பிடிபட்டுவிட்டான் என்று அருள்நேசன் நினைத்தார்.

"அரசாங்கத்திட்ட பெனிபிட் காசு எடுக்க டொக்டரிட்ட லெற்றர் கேக்கிற மாதிரி வந்து நிக்கிறீர். ஓடித் திரியிற ஆளை நொண்டி எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"புதுப் பற்றறியும் ஒண்டு தாங்கோ அண்ணை. முழுக் காசும் தாறன். இதைத் திருப்பி எடுக்கவும் வேண்டாம்."

அருள்நேசன் வயர்களைச் சுற்றுவதை நிறுத்தினார். "புதுசுக்கும் நீரே காசு தாறீர். பிறகு துண்டு எதுக்கு?"

"நாளைக்கு வேணும். தமிழில எழுதுங்கோ. கராஜ் சீலும் குத்தி விடுங்கோ."

"தமிழிலயோ? எந்தக் கொம்பனிக்காரன் தமிழ்த் துண்டைப் பாத்துக் காசு தருவான்?"



அருள்நேசனுக்கு அலுத்துவிட்டது. ஏமாற்றுவதென்றாலும் அதையாவது ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஆள். "இஞ்ச பாரும். ஆக்கள் என்ர வாயை நம்பித்தான் வண்டியை விட்டுட்டுப் போயினம். நல்லதைப் பழுது எண்டு எழுத என்னால ஏலாது. பற்றறியைக் கொண்டுபோய்க் காரில பூட்டும். சுகமா ஓடும்."

"அது ஓடக் கூடாது அண்ணை."

"விசர்க் கதை கதையாதையும்."

நிரூபன் பற்றறியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்றான். வெளியே ஒரு பஸ் நின்று, சனம் இறங்கி, மறுபடி புறப்பட்டுப் போனது. பிறகு திரும்பி, வேறு யாருடையதோ விலாசத்தைச் சொல்வது போலச் சொன்னான்.

"போன மாசம் பனி கொட்டின அண்டைக்கு விடிய என்ர மனிசிக்கு ஆஸ்மா இழுத்தது. கார் ஸ்டார்ட் ஆகேல்லை. அந்தப் பனிக்குள்ள அம்புலன்ஸ் வந்து சேரேக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. நாளைக்கு முப்பத்தோராம் நாள் கிரியை. பனி கொட்டினதுக்கு முதல் நாள் காருக்குள்ள எதையோ தேடிப்போட்டு லைட்டை நிப்பாட்டாமல் வந்தது அவவின்ர அம்மா. தான்தான் பிள்ளையைச் சாகடிச்சது எண்டு சொல்லிச் சொல்லி, சாப்பிடுறதை விட்டுட்டா. அவவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்."

அருள்நேசன் போய் அவன் கையிலிருந்த பற்றறியை வாங்கி மேசையில் வைத்தார். "ஒரு செல் செத்தது எண்டு எழுதினால் மாமி சந்தேகப்படுவா தம்பி," என்றபடி பில் புத்தகத்தை விரித்தார். "இதுக்குள்ள இருக்கிற ஆறு செல்லும் செத்தது எண்டு எழுதுறன்."