அண்ணனின் செரிமானம்

இருண்ட ஆய்வகத்தில் திரை மட்டும் ஒளிர்கிறது, கண்ணுகளா. கைப்பை வாரை முறுக்கியபடி ஓர் அம்மா அதையே பார்க்கிறாள். திரையில் பச்சையாய் மின்னும் கிருமியை நோக்கி ஊர்கிறது, அவள் மகளின் ரத்தத்திலிருந்து எடுத்த பெருவிழுங்கி. கிருமியைத் தின்று உடம்பைக் காக்கிற செல். மகளின் பழைய செல்கள் விழுங்குமே தவிர கொல்லாது. அதனால்தான் ஓயாத காய்ச்சல். இதுவோ, மகளின் அண்ணன் கொடுத்த எலும்பு மஜ்ஜையில் பிறந்த புதுச் செல். அணைத்துக்கொள்வதுபோல் கிருமியைச் சுற்றி வளைத்து உள்ளே இழுக்கிறது.

“விழுங்கிடுச்சுக்கா!” என்கிறாள் பரிசோதகி.

“விழுங்குறது தெரிஞ்ச கதைதானே மேடம். செரிக்குமா?”

பச்சை மெல்ல மெல்ல மங்கி, அணைந்தே போகிறது.

“செரிச்சிடுச்சு!”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “பின்னே? கல்லைத் தின்னாலும் செரிக்கிற பய என் மூத்தவன்.”

திரையில் அந்தச் செல், அடுத்த பச்சையைத் தேடிக் கிளம்புகிறது.