சட்டை புதைத்த கல்லறை

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலை மரியபிரகாசி தன் கணவன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போனவன் திரும்பாததால், எட்டு வருடம் முன்பு அவனுடைய நீலச் சட்டையை மட்டும் பெட்டியில் வைத்து அங்கே புதைத்திருந்தார்கள். கோயில் உபதேசியார் கடப்பாரையோடு வந்தார்.

"எந்திம்மா. இன்னைக்கு ஒரு அடக்கம் இருக்கு, வேற இடமில்ல. ஆளில்லாத குழிக்கு எதுக்குச் சுண்ணாம்பு?"

"ஆண்டவர் கல்லறையிலயும் ஆளில்லன்னுதான உயிர்த்த ஞாயிறுக்கு வேட்டுப் போடுதீரு?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? வாயக் கழுவு."

"ஒண்ணில்லதான். ஆனா அத நம்பித்தான் எட்டு வருசமா விடிஞ்சா எந்திக்கேன்."

அவர் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. அவள் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியில் முக்கி, அவர் நின்றிருந்த பக்கத்தைப் பூச ஆரம்பித்தாள். அவருடைய செருப்பில் சுண்ணாம்பு தெறித்தது.