ரொட்டிக்கு மட்டும் கார்டு

"நெட்வொர்க் இல்லைம்மா. ரொட்டிக்கும் சேர்த்துப் பணமாவே குடுத்துடு" என்றாள் கடைக்காரி சயீரா.

பெர்மெத் அசையவில்லை. ஆட்டுக்கறிக்கும் மாவுக்கும் அப்போதுதான் நோட்டுகளை எடுத்துக் கொடுத்திருந்தாள். கையில் இன்னும் பணம் இருந்தது. ஒரு ரொட்டிக்கு அது தாராளம்.

"பரவாயில்லக்கா. வர்ற வரைக்கும் நிக்கிறேன்."

கிர்கிஸ்தானின் தோக்மோக் ஊரில் அன்று விடிந்ததிலிருந்தே பனி. ஃபோனை மட்டும் நம்பி வந்தவர்கள் முணுமுணுத்தபடி வெறுங்கையோடு திரும்பினார்கள். பணம் வைத்திருந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ரொட்டி வாங்காமல் நின்றவள் இவள் ஒருத்திதான்.

சயீராவுக்கு இது புதிதில்லை. இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். கறி, எண்ணெய், மகளுக்குக் காலுறை, எல்லாவற்றுக்கும் நோட்டு. ரொட்டிக்கு மட்டும் கார்டு. ஒரே பில்லாகப் போடட்டுமா என்று ஒருநாள் கேட்டதற்கு, ரொட்டியைத் தனியாகவே போடச் சொல்லிவிட்டாள்.

அந்தக் கார்டு அவள் புருஷன் சமாத்துடையது. அவன் ரஷ்யாவில், கசான் நகரத்தில் கட்டட வேலை பார்க்கிறான். கார்டை மெஷின்மேல் வைத்த மறுநொடி, எந்தக் கடையில் எவ்வளவு செலவு என்று அவன் ஃபோனுக்குத் தகவல் போய்விடும். தெருவில் பாதி வீட்டு ஆம்பளைகள் இப்படித்தான் வெளியூரில் இருக்கிறார்கள். அதனால் பெர்மெத்தைப் பற்றி எல்லாருக்கும் ஒரே கணக்குதான். புருஷனுக்குத் தெரியக் கூடாத செலவுக்கெல்லாம் நோட்டு.

சர்க்கரை வாங்க வந்த காலிபா அதை வாய்விட்டே கேட்டுவிட்டாள். அவள் சமாத்தின் கூடப்பிறந்த அக்கா.

"தம்பி கார்டுலதான் அனுப்புறான். உன் கைக்கு நோட்டு எங்கேயிருந்து வருது?"

பெர்மெத் கறிப் பொட்டலத்தைப் பைக்குள் தள்ளினாள்.

காலிபா விடவில்லை. சயீராவைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னாள். குளிருக்கென்று அறுத்து வைத்த குதிரைக்கறி வீட்டில் நிறைய இருக்கிறது என்று தம்பியிடம் இவள் சொல்லியிருக்கிறாளாம். அந்தக் கறி எப்போதோ தீர்ந்து போச்சாம். அவனிடம் அப்படிச் சொல்லிவிட்டு இங்கே வந்து ஆட்டுக்கறி வாங்குகிறாளாம்.

அதற்குள் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. பெர்மெத் அவசரமாகக் கார்டை வைத்தாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஃபோன் அடித்தது. இரண்டு கையிலும் சாமான். ஸ்பீக்கரில்தான் போட முடிந்தது.

"என்ன, இன்னைக்கு ரொட்டி லேட்டு?" சமாத்தின் குரல்.

"பனிங்க. மெதுவாத்தான் வந்தேன்."

"நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். வேற எதுனாலும் வாங்கிக்கோ. யோசிக்காதே, நான் இருக்கேன்ல."

"தெரியாதா எனக்கு" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

காலிபாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கேட்டியா சயீரா? இந்தக் குளிர்ல பத்தாவது மாடியில நின்னு செங்கல் அடுக்குறான் என் தம்பி. இவ அவனை ஏமாத்துறா."

பெர்மெத் பையைக் கீழே வைத்தாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அவர் மாடியில இல்லை அண்ணி. சாரத்துல இருந்து விழுந்து மாசக்கணக்கா ஆகுது. தங்குற அறையில படுத்திருக்கார். கூட வேலை பார்க்குறவரோட சம்சாரம் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

காலிபா மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அடி பலமா என்று மட்டும் கேட்டாள். இடுப்பு என்றும், இப்போது கோலூன்றி நடக்கிறார் என்றும், பனி உருகுவதற்குள் ஊர் திரும்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னதாகவும் பெர்மெத் சொன்னாள்.

"நமக்குத் தெரியக் கூடாதுன்னு தினம் வேலைக்குப் போற மாதிரியே பேசுறார். நானும் தெரியாத மாதிரியே பேசுறேன். தையல் கூடத்துல சேர்ந்திருக்கேன். அங்கே வாராவாரம் கையில குடுத்துடுவாங்க. அந்த நோட்டுதான் இது."

சயீராவுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "அப்ப ரொட்டிக்கும் அதையே குடுக்கலாமே. கார்டுல இருக்குறது அவர் மருந்துக்காவது ஆகும்ல."

"அதனாலதான் மத்ததுக்கெல்லாம் கார்டைத் தொடுறதில்லைக்கா." பெர்மெத் ரொட்டியைத் துணியில் சுற்றினாள். "ஆனா படுத்துக் கிடக்குற மனுஷனுக்கு, இன்னைக்கும் என் வீட்டுக்கு நான்தான் சோறு போட்டேன்னு தினம் ஒரு தடவையாவது தெரியணும். அதுக்குத்தான் இந்த ஒரு ரொட்டி."

பிறகு காலிபா எழுந்து வந்து பெர்மெத்தின் கையிலிருந்த ஃபோனை வாங்கி, தம்பியின் எண்ணை அழுத்தினாள். பெர்மெத் பதறித் தடுக்கப் போனாள். அந்தக் கையைக் காலிபா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சமாத், அக்கா பேசுறேன். சயீரா கடையில நிக்கிறேன்டா. எத்தனையோ வீட்டுல ஆம்பளைங்க வெளியூர்ல இருக்காங்க. ஆனா உன்னை மாதிரி ஒருநாள் தவறாம வீட்டுக்குச் சோறு போடுறவன் இந்தத் தெருவுல எவன் இருக்கான்? அக்காவுக்கு அவ்வளவு பெருமையா இருக்குடா."

குரல் மட்டும் உடையாமல் பார்த்துக்கொண்டாள்.