மச்சான் பக்கம் தள்ளிய காய்

"இந்த டர்னிப்பையாவது முழுசாச் சாப்பிடுங்க. உங்களுக்குன்னுதான் அந்தப் பக்கமா அடுக்கி வெச்சேன்" என்றாள் கிஸ்லான்.

ஜவாத் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். வட்ட மேஜையின் நடுவில் பெரிய மண்சட்டி. நாலு பேருக்கும் அது ஒன்றுதான். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் ரொட்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் இருப்பதை எடுப்பது அநாகரிகம். தன் பக்கத்து நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதோ பெரிய மரியாதை. அந்த மரியாதையை நம்பித்தான் ஜவாத் ஆறு வாரமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

டர்னிப் துண்டு வலப்பக்கம் நகர்ந்தது.

"எடுத்துக்குங்க மச்சான். வெண்ணெய் மாதிரி வெந்திருக்கு."

லஹ்சேன், கிஸ்லானின் அண்ணன். தன் வீட்டில் பூச்சு வேலை நடப்பதால் இங்கே வந்து தங்கியிருப்பவர். தங்கை புருஷனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று தினமும் போல இன்றும் நெகிழ்ந்துபோனார்.

ஊரே மறதிக்காரன் என்று சொன்ன மூளை, காய் தள்ளுவதில் மட்டும் கடிகாரம் மாதிரி வேலை செய்வதை நினைத்து ஜவாத்துக்கே வியப்பாக இருந்தது.

அவன் மெக்னெஸ் நகரத்தில் எலக்ட்ரீஷியன். பல்பு மாற்றப் போன வீட்டில் பாட்டுப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பல்பை மாற்றாமலே திரும்பி வருகிற எலக்ட்ரீஷியன். பர்ஸைத் தொலைத்திருக்கிறான், சாவியைத் தொலைத்திருக்கிறான், ஒருமுறை மோட்டார் சைக்கிளையே சந்தையில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான். அதையெல்லாம் அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

சிரிக்க முடியாதது ஒன்றுதான். ஒன்பது வயது மகள் ரீமைப் பள்ளிக்கூட வாசலில் இரண்டு முறை மறந்துபோனான். இரண்டாவது முறை நல்ல மழை. காவலாளியின் ஸ்டூலில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது குழந்தை. கிஸ்லான் கத்தவில்லை, திட்டவில்லை. மறுநாளிலிருந்து மகளைத் தானே அழைத்துவரப் போனாள். அதுதான் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

டாக்டரிடம் போனார்கள். ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார் டாக்டர். சின்ன வயசிலிருந்தே இருந்திருக்கும், நாற்பத்தொரு வயதில்தான் பெயர் கிடைத்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே நேரத்துக்குத் தூக்கம், தட்டு நிறையக் காய்கறி. காய்கறியே நோயைத் தீர்த்துவிடாது, ஆனால் உடம்புக்கும் கவனத்துக்கும் அது நல்ல துணை என்று அழுத்திச் சொன்னார்.

கிஸ்லான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாத்திரையும் காயும் ஒழுங்காக உள்ளே போனால், மகளை அழைத்துவரும் வேலை மறுபடி அவனுக்கு. இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று ரீம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாத்திரையை அவன் ஒருநாள்கூட விடவில்லை. காய்தான் தொண்டையில் இறங்க மறுத்தது. பரங்கி, கேரட், முட்டைக்கோஸ், எதுவானாலும் சிறுவயதுப் பகை. கறியையும் குழம்பையும் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டே வளர்ந்த உடம்பு. அதனால் முதலில் மச்சான் பக்கம் தள்ளுவான். உடனே யாரும் கவனிக்காமல் இருக்க ஒரு கதையை எடுத்துவிடுவான். அவன் வாயைத் திறந்தால் சட்டி காலியாகும்வரை நிறுத்த மாட்டான் என்பது வீட்டுக்கே தெரியும்.

இன்றும் எடுத்துவிட்டான். ஒரு கிழவரின் வீட்டில் அழைப்புமணிக்கும் அடுப்படி விளக்குக்கும் கம்பியை மாற்றிக் கொடுத்ததில், விருந்தாளி வந்து பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அடுப்படி இருண்டுபோன கதை. லஹ்சேனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் கிஸ்லான் சொன்னாள். "இன்னியோட ஆறு வாரம் ஆச்சு. சொன்னபடி நடந்துக்கிட்டீங்க. நாளையிலேர்ந்து ரீமை நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

ரீமின் முகம் மலர்ந்தது. ஜவாத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேசாமல் இருந்தால் காரியம் முடிந்துவிடும். ஆனால் பொய்யைச் சொல்லி வாங்கிய வேலையோடு அந்தப் பள்ளிக்கூட வாசலில் எப்படிப் போய் நிற்பது? கை தானாக ரொட்டியைப் பிய்த்து, சட்டியில் தன் பக்கம் இருந்ததை வழித்து வாயில் போட்டது. பதற்றம் வந்தால் அவன் கையும் வாயும் சும்மா இருக்காது.

"கிஸ்லான், கோவிச்சுக்காதே" என்றான் மென்றுகொண்டே. "ஆறு வாரமா ஒரு துண்டு காய்கூட நான் தொடல. அவ்வளவையும் மச்சான் பக்கம் தள்ளிட்டேன். மாத்திரை மட்டும் சத்தியமா முழுங்கினேன். இன்னும் ஆறு வாரம் வேணும்னாலும் போடு. ஆனா பொய் சொல்லிட்டுப் புள்ளையைக் கூட்டிட்டு வர எனக்கு மனசு ஒப்பல."

லஹ்சேன் கூரையைப் பார்த்தார். கிஸ்லான் மகளைப் பார்த்தாள்.

"பாபா, நீங்க தள்ளினதை மாமா மரியாதைக்கு அம்மா பக்கம் தள்ளுவாங்க, அம்மா என் பக்கம் தள்ளுவாங்க, நான் உங்க பக்கமே தள்ளி வெச்சிடுவேன்" என்றாள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ரீம். "பேச ஆரம்பிச்சா என்ன சாப்பிடறோம்னு நீங்கதான் பார்க்கவே மாட்டீங்களே, இப்ப மென்னுட்டு இருக்கறதுகூட அந்த டர்னிப்தான்."