கூண்டுக்குள் கேட்ட சொல்

கதவைத் திறந்த எலிசபெத், வாசலில் நின்றவளின் இடது கண்ணைப் பார்த்தாள். வீங்கி, நாவல்பழ நிறத்தில் மூடிக் கிடந்தது.

"இன்னாம்மா இது? வூட்டுக்காரன் அடிச்சானா?"

"இல்லம்மா. உங்க பொண்ணு."

ரோஹிணி அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். எலிசபெத்துக்கு ஆளை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸில் மூன்று வருடமாகத் தோற்காத சாம்பியன். வெள்ளிக்கிழமை திருப்பதியில் தன் மகள் டெபோராவிடம் பெல்ட்டை இழந்தவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தூரில் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"சண்டைக்கு வர்லம்மா. உங்க பொண்ண ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிக்கினே இருப்பேன்."

"கேக்கலாம், மொதல்ல துன்னு. சர்ச்சுல இருந்து வந்து இப்பதான் எல்லாரும் ஒக்காந்தாங்க."

சாப்பாட்டு மேசையில் டெபோரா எழுந்து நின்றாள். வலது முழங்கையில் பெரிய கட்டு. ஸ்பூனை இடது கையில் பிடித்திருந்தாள். எதிரில் அவளுடைய அப்பா தியோடர், சபையில் வேதபாடம் வாசிக்கிற வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றாமல் இருந்தார்.

"வாங்கக்கா. கண்ணு எப்பிடி இருக்குது?"

"அது கெடக்குது."

ரோஹிணியால் உட்கார முடியவில்லை. நகரியிலிருந்து வந்த பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் வந்திருந்தாள். இரண்டு நாளாகப் படுத்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள். தோல்வி என்றால் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா, அல்லது இது வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மூணாவது ரவுண்டுல உன் ஒரு கை என் பிடியில இருந்திச்சு. இன்னொரு கை என் காலுக்கு அடியில. ஒன்னால தட்ட முடியாது. அப்ப நீ 'சாலு'ன்னு சொன்ன. அதான் பிடிய உட்டேன். உட்டதும் நீ குத்துன. நான் உழுந்துட்டேன்."

நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னியா இல்லியா, அது மட்டும் சொல்லு."

தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் கையால் தட்ட வேண்டும். கை இரண்டும் மாட்டியிருந்தால் வாயால் சொல்லலாம். நடுவர் வடநாட்டுக்காரர்; அந்த இரைச்சலில் அவர் காதில் எதுவும் விழவில்லை. பயிற்சியில் யாராவது போதும் என்ற பொருளில் 'சாலு' என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிடுவது ரோஹிணியின் பழக்கம்.

"நடுவர் நிறுத்தாம எதுக்கு உட்ட?" என்று போட்டி முடிந்ததும் அவளுடைய மாஸ்டர் ஜெயச்சந்திரன் கத்தினார். அவள் காரணத்தைச் சொன்னதும் அவர் குரல் தணிந்துவிட்டது. "ஒருநாளும் தோக்காதவங்க மொத தடவ தோத்தா, காதுல என்னென்னவோ கேக்கும்மா."

அந்தத் தணிந்த குரல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. கேட்டது நிஜமா, மனம் கட்டிய கதையா? கதை என்றால் இனி சண்டைக் கூண்டுக்குள் இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். தன் காதையே நம்ப முடியாதவள் அங்கே எதை நம்பிக் கை வீசுவது?

டெபோரா அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

"அந்த வலியில என்ன கத்துனேன்னே ஞாபகம் இல்லக்கா. சத்தியமா."

தியோடர் மெல்லச் சிரித்தார். "சாலுன்றது தெலுங்காச்சே அம்மா. நாலு தலைமுறையா தமிழ் வேதம் வாசிக்கிற வீடு இது. ஊரே கலந்து பேசட்டும், இந்த வாசப்படிக்குள்ள ஒரு தெலுங்கு வார்த்தை வராது. என் மக கத்தியிருந்தா 'போதும்'னுதான் கத்தியிருப்பா."

"பப்பு ஆறிக்கினு இருக்குது, நீங்க பேசிக்கினே இருங்க," என்றாள் எலிசபெத்.

ரோஹிணி தியோடரைப் பார்த்தாள். அவர் பொய் சொல்கிற மனிதராகத் தெரியவில்லை. டெபோராவின் முகத்திலும் கள்ளம் இல்லை.

'சாலு' தன் வீட்டுச் சொல். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே அம்மா தினம் பத்து முறை சொல்கிற சொல். தோல்வியைத் தாங்க முடியாத மனம் தனக்குத் தெரிந்த சொல்லை எடுத்து எதிராளியின் வாயில் வைத்துவிட்டது. வேறென்ன?

"அப்ப நான் தோத்துதான் போனேன்," என்றாள்.

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா சண்ட போட்ட, டெபோரா. பெல்ட்டு ஒனக்கு சேர வேண்டியதுதான்."

"இன்னொரு தடவ போடலாம்க்கா. அடுத்த வருசம்."

"இல்ல. நான் நிறுத்திக்கறேன். நாளைக்கு மாஸ்டர்கிட்ட சொல்லிடுவேன்."

தியோடர், நல்ல முடிவு என்பதுபோலத் தலையசைத்தார்.

எலிசபெத்துக்கு மனம் லேசானது. சண்டை எதுவும் நடக்காமல் முடிந்த சந்தோஷத்தில் ரோஹிணிக்கு ஒரு தட்டை வைத்துச் சோறு போட்டாள். அதே வேகத்தில் மகளின் தட்டிலும் ஒரு கரண்டி கவிழ்த்தாள். இரண்டாவது கரண்டியும் விழுந்தது. மூன்றாவதும் வந்துகொண்டிருந்தது.

தட்டை நகர்த்தக் கை ஒழியாமல், ரோஹிணியையே பார்த்துக்கொண்டிருந்த டெபோரா அவசரமாகச் சொன்னாள்:

"சாலும்மா, சாலு."