நான்கு கிலோமீட்டர்

ஆற்றுக்கு அக்கரையில், கிரெல்லாவ் ஊர் எல்லையில் புதுப் பலகை ஒன்று முளைத்திருந்தது. 'எங்கள் சகோதரி ஊர் பொர்சானோ, 1136 கி.மீ.' அதைப் பார்த்ததிலிருந்து வெல்பாக் நகராட்சி எழுத்தர் ஹெட்விக்குக்கு வயிறு எரிந்தது. இக்கரையில் வெல்பாக் பலகையிலும், நட்பு ஒப்பந்தம் போட்ட ஐம்பது வருடமாக, அதே வெளிநாட்டு ஊர் பொர்சானோதான், 1140 கி.மீ. அந்த ஊருக்கு மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறவள் அவள். அங்கே யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சாவு, எல்லாம் அத்துப்படி. கிரெல்லாவோடு கை குலுக்கியதை மட்டும் ஒருவரும் அவளுக்கு எழுதவில்லை.

பெயின்டர் அன்டோனை அழைத்துப் போய்த் தங்கள் பலகை முன் நிறுத்தினாள். "1135ன்னு மாத்துங்க."

அவர் பழைய எண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "பலகை நகராம ஊர் எப்படிக் கிட்ட வரும்?"

"எழுதுங்க அன்டோன். கிரெல்லாவ்காரங்களுக்கும் பொர்சானோவுக்கும் என்ன இருக்கு? போர்ல அங்க போனது நம்ம அப்பாமாருங்க. மன்னிப்பு கேட்டது நாம. அந்த ஊரைக் கொளுத்தினதே நாமதானே."

அன்டோன் தூரிகையை டப்பாவிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். எண் இருந்த இடத்தில் வெறும் தகரம் மின்னியது.