கறுப்புக் கோழியின் படம்

காலை வெயில் மதிலைத் தாண்டிக் கொல்லைக்குள் இறங்குகிறது. கல்யாண வீடுகளில் படமெடுத்தே தலை நரைத்தவர், இன்று வேலையில்லாமல் வீட்டில் அகப்பட்டுக்கொண்டு, கேமராவோடு மண்ணில் குப்புறப் படுத்திருக்கிறார். அவர் சொன்னால் மணப்பெண்கள் தாடையைத் தூக்குவார்கள். கறுப்புக் கோழி மசிவதாயில்லை. வெயிலில் நின்றால் படத்தில் கரித்துண்டு மாதிரி விழுகிறது, நிழலுக்கு வந்தால் தலையை வெடுக்கென்று திருப்பிக் காரியத்தைக் கெடுக்கிறது. "ஊரார் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் எடுக்கிறீங்க, நம்ம வீட்டுக் கோழிய எடுக்க வரலியா?" என்றபடி மனைவி ஈரக்கையை உதறிவிட்டு வருகிறாள். நிழலில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். அது முட்டைமேல் உட்கார்ந்ததுபோல் அடங்குகிறது. கறுப்புக்குள்ளிருந்து பச்சையும் நீலமும் மினுங்குகின்றன. "என் மூஞ்சி விழாம எடுங்க. தலைகூட வாரல." "சரி சரி, ஆடாம இரு." அவள் குனிந்து கோழியிடம் ஏதோ சொல்லித் தானே சிரிக்கிறாள். அவர் விரல் அழுத்துகிறது.

கோழியை இடுக்கிக்கொண்டு ஓடிவந்து திரையைப் பார்க்கிறாள். அவள் சிரிப்பு, நெற்றியில் விழுந்த நரைமுடி எல்லாம் துல்லியம். கீழே கறுப்பாக ஏதோ மங்கல்.

"என்னங்க, கோழி கலங்கிப்போச்சே?"

"அது ஆடிடுச்சு," என்கிறார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கையிடுக்கில் கோழி, மடியில் இருந்ததுபோலவே, கண்ணை மூடி அசையாமல் சொக்கிக் கிடக்கிறது.